வழக்கு முடியாத ஒருவரோடு பழகும்போது

"பிரிஞ்சுதான் இருக்கோம், டைவர்ஸ் இன்னும் ஆகலை" என்று ஒருவர் சொன்னால் அதற்குள் பல நிலைமைகள் இருக்கலாம். போன வாரம் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வந்தவரும் இதைத்தான் சொல்வார். பல வருடமாகத் தனி வீட்டில் இருந்துகொண்டு தீர்ப்புக்காகக் காத்திருப்பவரும் இதைத்தான் சொல்வார். பிரிந்திருக்கும் செய்தி தன் மனைவிக்கோ கணவனுக்கோ தெரியாத நிலையிலேயே இப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

நான் பழகியவர் இதில் இரண்டாவது வகை. இப்போது வழக்கு முடிந்து, எங்களுக்குத் திருமணமும் ஆகிவிட்டது. இடையில் இருந்த காலத்தில் எனக்கு ஆலோசனை சொன்னவர்களில் பாதிப் பேர் "உடனே விலகிடு" என்றார்கள், மீதிப் பேர் "மனசு ஒத்துப்போனா போதும், பேப்பர்தானே" என்றார்கள். அன்றாடம் எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதே இடத்தில் இப்போது நிற்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் இரண்டாவது உரையாடலிலேயே, நான் கேட்பதற்கு முன்பு அவரே சொல்லிவிட்டார். அப்புறம் நான் கேட்க ஆரம்பித்தேன். எப்போதிலிருந்து தனித்தனியாக இருக்கிறீர்கள், மனு போட்டாயிற்றா, யார் போட்டது, இருவரும் சம்மதித்துப் போட்டதா, அடுத்த வாய்தா என்றைக்கு, அன்றைக்கு என்ன நடக்கும், இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரியுமா. ஒரே நாளில் குறுக்கு விசாரணை மாதிரி கேட்கவில்லை, பேச்சு வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் சொன்ன பதில்களில் தேதி இருந்தது, வக்கீல் ஃபீஸ் பற்றிய கவலை இருந்தது, போன வாய்தாவில் நீதிபதி விடுப்பு என்று சும்மா திரும்பி வந்த எரிச்சல் இருந்தது. இதுதான் எனக்குத் தெம்பு கொடுத்தது. வழக்கு நிஜமாகவே நடந்துகொண்டிருந்தால் அதைப் பற்றிய பேச்சு சலிப்பூட்டும் விவரங்களாகத்தான் இருக்கும். நடக்காத வழக்கைப் பற்றிப் பேசுபவரிடம் விவரம் இருக்காது. "சீக்கிரம் முடிஞ்சிடும்", "அவ ஒத்துக்க மாட்டேங்கிறா", "நீ ஏன் அதைப் பத்தியே கேக்கறே" என்று சுற்றிச் சுற்றி வருவார். இப்படிக் கேட்டாலே கோபம் வருகிறது என்றால் அந்தக் கோபமும் ஒரு பதில்தான்.

சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அவர் சொல்லும் கால அளவு நம்பும்படி இருக்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். இது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி பரஸ்பர சம்மத விவாகரத்து கேட்பதற்கு 1 வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டு 6 மாதம் கழித்து இருவரும் மறுபடி சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். தகுந்த வழக்குகளில் இந்த 6 மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தீர்ப்பு வரும்வரை ஒருவர் தன் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதாவது "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு" என்பது பாதி வழிதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் முதல் யார்மேலும் குற்றம் சொல்லாமலே விண்ணப்பிக்கலாம். ஆனாலும் விண்ணப்பத்துக்கும் முதல் உத்தரவுக்கும் நடுவே 20 வாரம், அதற்குப் பிறகு இறுதி உத்தரவுக்கு இன்னொரு 6 வாரம் காத்திருக்க வேண்டும். கனடாவில் பெரும்பாலும் 1 வருடப் பிரிவுதான் அடிப்படை. அந்த ஒரு வருடத்துக்குள் சேர்ந்து வாழ முயற்சி செய்து பார்க்கிறேன் என்று 90 நாள் வரை ஒன்றாக இருந்தாலும் கணக்கு அறுபடாது. இந்தக் கடைசி விவரத்தை நன்றாகக் கவனியுங்கள். பிரிந்தவர்கள் மறுபடி சேர்ந்து பார்ப்பது அடிக்கடி நடக்கிற விஷயம் என்று சட்டமே எண்ணி, அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது.

இன்னொன்று, நீதிமன்றம் மூலம் பெறும் சட்டப்படியான பிரிவும் விவாகரத்தும் ஒன்றல்ல. பிரிவு உத்தரவு கையில் இருந்தாலும் அவர் இன்னும் திருமணமானவர்தான், வேறு திருமணம் செய்ய முடியாது. "கோவில்ல தாலி கட்டிக்கலாம், ரிஜிஸ்டர் அப்புறம் பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். முதல் திருமணம் சட்டப்படி உயிரோடு இருக்கும்போது செய்யும் இரண்டாவது திருமணம் இந்துத் திருமணச் சட்டத்தில் செல்லாது. இந்தியக் குற்றச் சட்டத்தில் அதற்கு 7 வருடம் வரை சிறை உண்டு.

அவருடைய வக்கீல் அவரிடம் சொன்ன ஒரு விஷயம் எனக்கு முதலில் கசப்பாக இருந்தது. வழக்கு முடியும்வரை சேர்ந்து வசிக்க வேண்டாம், ஒன்றாக எடுத்த படங்களை எங்கும் போட வேண்டாம், மெசேஜில் எழுதுவதை யோசித்து எழுதுங்கள் என்றார். தகாத உறவு 2018 முதல் இந்தியாவில் குற்றம் இல்லை, ஆனால் விவாகரத்து கேட்க அது இன்னும் ஒரு காரணம்தான். சம்மதத்தோடு போய்க்கொண்டிருக்கும் வழக்கில்கூட ஒரு புகைப்படம் எதிர்த்தரப்பைக் காயப்படுத்தினால், ஒத்துக்கொண்ட ஜீவனாம்சத் தொகையும் குழந்தையைப் பார்க்கும் நாட்களும் மறுபடி பேச்சுவார்த்தைக்கு வந்துவிடும். சரி என்று ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டாலும் வலித்தது. தோழிகள் அவரவர் ஜோடியோடு எடுத்த படத்தைப் போடும்போது நான் என் ஃபோனைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். பொதுவில் காட்டாமல் இருப்பது வேறு, உங்களை ஒளித்து வைப்பது வேறு. என்னைப் பற்றி அவருடைய அக்காவுக்குத் தெரியும், நெருங்கிய நண்பர்களுக்குத் தெரியும், வக்கீலுக்குத் தெரியும். கொஞ்ச நாள் கழித்து அவர் அம்மாவிடமும் சொன்னார். இன்னாரிடம் இன்ன காரணத்துக்காக, இதுவரைக்கும் சொல்லவில்லை என்று அவரால் தெளிவாகச் சொல்ல முடிந்தது. அவர் வாழ்க்கையில் ஒருவருக்குக்கூட உங்களைத் தெரியாது என்றால் வழக்கு அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

என் அம்மா கேட்ட முதல் கேள்வியே வேறு. "அவன் பொண்டாட்டிக்கு உன்னைத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அவ ஒரு நாள் உன் முன்னாடி வந்து நின்னா, அவ மூஞ்சியப் பாத்துப் பேச முடியுமா உன்னால? அதை மட்டும் யோசிச்சுக்கோ" என்றார். அம்மா எதிர்க்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். பிறகு பல முடிவுகளை இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடுத்தேன். அவருக்கு வரும் மனைவியின் மெசேஜை நான் படித்ததில்லை. பதில் எழுத உதவி கேட்டால் மறுத்துவிடுவேன். நீதிமன்றப் பக்கம் போகவில்லை. அந்தத் திருமணத்தை முடிக்கும் வேலையில் என் கை இருக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

அவர் மனைவியைப் பற்றிப் பேசும் விதத்தையும் கவனித்தேன். கோபம் இருந்தது, ஆனால் "அந்த நேரத்துல நானும் வீட்டுல இல்லவே இல்ல, வேலை வேலைன்னு ஓடிட்டேன்" என்றும் சொன்னார். ஒரு திருமணம் முறிந்ததில் தன் பங்கு துளிகூட இல்லை என்று பேசுபவரிடம் எனக்குப் பயம் உண்டு. நாளைக்கு நமக்கும் அதே கதைதான். நேர்மாறாக, நாள் முழுக்க மனைவியைப் பற்றியே பேசுபவரிடமும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவருக்கு இப்போது தேவை ஒரு ஆலோசகர், அந்த வேலையை நாம் எடுத்துக்கொண்டால் திரும்ப இறக்கி வைக்க முடியாது.

அவருக்கு ஒரு மகள். ஒவ்வொரு இரவும் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு அவளோடு பேசுவார். நாங்கள் எங்கே இருந்தாலும், என்ன பேசிக்கொண்டிருந்தாலும் அந்த நேரத்தில் பேச்சு நிற்கும். அழைப்பு மனைவியின் எண்ணிலிருந்து வரும், திரையில் அந்தப் பெயர் தெரியும். ஒவ்வொரு முறையும் எனக்குள் ஏதோ சுருக்கென்று குத்தும். பொறாமைதான், வேறு பெயர் வேண்டாம். ஆனால் அந்த அழைப்பை எனக்காக அவர் ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தால் அவர்மேல் இருந்த மதிப்பு குறைந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. வழக்கு முடிந்து, அதற்கு மேல் கொஞ்ச காலமும் போகும்வரை அவளை நான் சந்திக்க வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்தோம். அப்பாவும் அம்மாவும் மறுபடி சேர்ந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை குழந்தைகளுக்கு எளிதில் போகாது. அந்த நம்பிக்கை இருக்கும்போது அறிமுகமாகும் புது ஆளை, எவ்வளவு அன்பாக இருந்தாலும், தடையாகத்தான் பார்ப்பார்கள். "ஃப்ரெண்டுன்னு சொல்லி அறிமுகப்படுத்தலாம்" என்று ஒருமுறை அவரே ஆசைப்பட்டார். பின்னால் உண்மை தெரியும்போது குழந்தை அப்பாவின் வார்த்தையையே சந்தேகப்படும் என்று சொல்லி வேண்டாம் என்றேன்.

அதற்கப்புறம் அவருக்கும் மனைவிக்கும் கவுன்சிலிங். நீதிமன்றமே அனுப்பியது. போய்விட்டு வந்த அன்று அவர் சரியாகப் பேசவில்லை. மறுநாள் சொன்னார்: "பாப்பாவுக்காக இன்னொரு தடவை முயற்சி பண்ணலாமான்னு அவ கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை." அதைச் சொன்னதற்காக இன்றுவரை அவரை மதிக்கிறேன். மறைத்திருக்கலாம். அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் அடங்கின பிறகு நான் சொன்னது: "நான் இருக்கேன்ங்கறதுக்காக அங்க போகாம இருக்காதீங்க. நான் காத்திருப்பேன்னு நினைச்சு அங்க போய்ப் பாக்கவும் பாக்காதீங்க. உங்க கல்யாணத்தப் பத்தி நீங்க மட்டும் உக்காந்து முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் நாம பேச வேண்டாம்."

சில வாரங்கள் பேசவில்லை. குட் நைட் மெசேஜ்கூட இல்லை. அந்த நாட்களில் நான் வேறு எதையும் தள்ளிப் போடாமல் வேலையை, படிக்கத் தொடங்கியிருந்த கோர்ஸை, நண்பர்களை எல்லாம் இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பி வராவிட்டாலும் என் நாள் நடக்க வேண்டும் அல்லவா. இந்தக் கட்டத்தில் சிக்கியிருக்கும் யாருக்கும் நான் சொல்வது இதுதான்: போட்டியில் இறங்காதீர்கள். இன்னும் அன்பாக, இன்னும் பொறுமையாக இருந்தால் தராசு நம் பக்கம் சாயும் என்று தோன்றும். நம்மேல் அவருக்கு இருக்கும் பிரியம் முழுக்க நிஜமாகவே இருக்கலாம். அந்தப் பிரியத்தை வைத்து அவருடைய திருமணம் முடிந்துவிட்டது என்று கணக்குப் போட முடியாது. முடிந்ததா இல்லையா என்பதை அவர் அந்தத் திருமணத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

அவர் மனைவியோடு உட்கார்ந்து நிறையப் பேசியிருக்கிறார். சேர முடியாது என்று இருவருமே முடிவுக்கு வந்த பிறகுதான் என்னை அழைத்தார். அந்த இடைவெளியின் பலன் வெகுநாள் கழித்துத் தெரிந்தது. எல்லாம் முடிந்து, மகளுக்கு என்னைத் தெரிந்த பிறகு அவள் ஒரு நாள் அப்பாவிடம் நேராகவே கேட்டாள்: "இவங்களாலதான் அம்மாவ விட்டுட்டு வந்தீங்களா?" அவரால் தலை குனியாமல் "இல்லம்மா" என்று சொல்ல முடிந்தது. அம்மாவிடம் போய்க் கேட்டாலும் அவளுக்கு அதே பதில்தான் கிடைக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

காத்திருக்கும் காலத்தில் சட்டம் உங்களை எங்கே வைத்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது ஒரு மருத்துவமனையில். அவருக்குக் குடல்வால் வீங்கி அவசர அறுவை சிகிச்சை. சேர்க்கும்போது பூர்த்தி செய்யும் படிவத்தில் திருமணமானவரா என்ற கட்டம், அதன் கீழே துணையின் பெயர். பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்டார். "தெரிஞ்சவங்க" என்றேன். "சொந்தக்காரங்க யாராவது வந்து கையெழுத்துப் போடணும்" என்றார். அவருடைய அக்கா வந்து சேரும்வரை நான் வெளியே இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வலியில் துடித்துக்கொண்டே அவரும் கையெழுத்துப் போட்டார், ஆனால் மயக்கத்தில் இருந்திருந்தால்?

அவர் தேறி வந்த பிறகு இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இன்சூரன்ஸில் நாமினி மனைவி, வங்கியில் மனைவி, அலுவலகத்தில் அவசரத்துக்கு அழைக்கும் எண் மனைவியுடையது. அவசர எண்ணாக அக்காவின் எண்ணையும், கூடவே என்னுடையதையும் கொடுத்தார். மற்றவற்றை வக்கீலிடம் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும், வழக்கு நடக்கும்போது சொத்து விவரங்களில் கை வைத்தால் அதுவே பிரச்சினையாகலாம். பல நாடுகளில் உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், விவாகரத்து ஆகாத துணையும் சட்டப்படி வாரிசு. நாம் அதில் எங்கேயும் இல்லை.

பணத்தில் நான் கறாராக இருந்தேன். அவருடைய வக்கீல் ஃபீஸுக்கோ வீட்டுக் கடனுக்கோ என் பணம் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை, இருவர் பெயரிலும் எதுவும் வாங்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படிப்பட்ட ஒருவரோடு வீடு எடுத்து வாழ்ந்து, அவருடைய கடன் தவணையையும் கட்டினார். அந்த ஆள் மனைவியிடமே திரும்பிப் போய்விட்டார். அந்தப் பெண்ணிடம் ரசீது எதுவும் இல்லை. இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் திருமணத்தைப் போன்ற உறவில் இருக்கும் பெண்ணுக்கும் பாதுகாப்பு தருகிறது. ஆனால் ஒருவர் திருமணமானவர் என்று தெரிந்தே அவரோடு சேர்ந்து வாழ்ந்த பெண்ணின் உறவு அந்த வரையறைக்குள் வராது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அநியாயமாகத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் தெரிந்து வைத்துக்கொண்டு முடிவெடுப்பது நல்லது.

எவ்வளவு காலம் காத்திருப்பது? தீர்ப்பு வரும் நாளைக் கெடுவாக வைத்தால் அது நம் கையிலும் இல்லை, அவர் கையிலும் இல்லை. எதிர்த்து நடக்கும் வழக்கு என்றால் வருடக்கணக்கில் இழுக்கும், அவர் எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும். அதனால் அவர் கையில் இருப்பதை மட்டும் பார்த்தேன். வாய்தாவுக்குப் போகிறாரா, கேட்ட ஆவணத்தைக் கொடுக்கிறாரா, ஒரு வேலையைப் பல மாதமாக "செய்யணும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாரா. கூடவே என் தேவையையும் மறைக்காமல் சொன்னேன்: எனக்குக் குழந்தை வேண்டும், வயது போய்க்கொண்டிருக்கிறது, முடிவே இல்லாமல் என்னால் இருக்க முடியாது. இதைச் சொன்னால் நெருக்குவதாக ஆகிவிடுமோ என்று தயங்குபவர்கள் அதிகம். சொல்லாமல் வைத்திருந்தால் ஒரு நாள் வேறு ஏதோ சின்ன விஷயத்தில் அது வெடிக்கும்.

மனு போடவே இல்லை, எப்போது போடுவார் என்றும் தெரியவில்லை, இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார், கேட்டால் "குழந்தை பெரியவளாகட்டும்" என்கிறார் என்றால் அது வேறு நிலைமை. அங்கே இருந்து வெளியே வாருங்கள். மனு போட்ட பிறகு வந்து பேசட்டும்.

தீர்ப்பு வந்த அன்று அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. திருமணம் ஆனபோது எடுத்த ஆல்பத்தை என்ன செய்வது என்று கேட்டார். "மகளுக்கு வேணும், பத்திரமா வைங்க" என்றேன். அந்தத் துக்கம் எனக்கு எதிரானது இல்லை என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. இன்றும் மாதாமாதம் ஜீவனாம்சம் போகிறது, வார இறுதிகள் மகளுடைய நேரத்தைப் பார்த்துத்தான் அமைகின்றன, பள்ளி விஷயமாக அவர்கள் இருவரும் ஃபோனில் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுச் செலவுக் கணக்கிலும் நாள்காட்டியிலும் இதற்கெல்லாம் இடம் போட்டுத்தான் திருமணத்துக்குச் சம்மதித்தேன்.

தீர்ப்பு வந்தவுடன் பதிவு அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். எதிர்த்து நடந்த வழக்கு என்றால் இந்துத் திருமணச் சட்டப்படி மேல்முறையீட்டுக்கான காலம் முடிந்த பிறகுதான் மறுமணம் செய்யலாம். மேல்முறையீடு போட்டிருந்தால் அது தள்ளுபடியாக வேண்டும். கனடாவில் சாதாரணமாகத் தீர்ப்பு நாளுக்குப் பிந்தைய 31-ஆம் நாள்தான் விவாகரத்து நடைமுறைக்கு வரும். உங்கள் வழக்கில் அந்தத் தேதி எது என்று வக்கீலிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலை ஒன்றுக்கு மேல் எடுத்து வையுங்கள். திருமணப் பதிவில் கேட்பார்கள், பாஸ்போர்ட்டில் துணையின் பெயரை மாற்றும்போது கேட்பார்கள், இன்சூரன்ஸிலும் கேட்பார்கள். எங்களிடம் ஒன்றுதான் இருந்தது, அது ஒரு அலுவலகத்தில் மாட்டிக்கொண்டு அடுத்த வேலை நின்றது.